ஏழு குழல், மூன்று சோதனை

ஏழு பேரின் சளி மாதிரிகள் ஏழு குழல்களில் இருக்கின்றன. அதிகம் போனால் அவர்களில் ஒருவருக்குத்தான் தொற்று இருக்கும், யாருக்குமே இல்லாமலும் போகலாம் என்று வைத்துக்கொள்வோம். கையில் மிச்சம் இருப்பதோ மூன்று சோதனைக்கான மருந்து. யாருக்குத் தொற்று என்று சொல்ல முடியுமா?

முடியும். ஏழு பேருக்கும் 1 முதல் 7 வரை எண் கொடுங்கள். 4, 5, 6, 7 ஆகியோரின் மாதிரிகளில் இருந்து துளித்துளியாக எடுத்து ஒரு கலவை. 2, 3, 6, 7 பேரிடம் இருந்து இரண்டாவது கலவை. 1, 3, 5, 7 பேரிடம் இருந்து மூன்றாவது. மூன்றையும் சோதியுங்கள். முதல் கலவை பாசிட்டிவ் என்றால் 4 போடுங்கள், இரண்டாவதற்கு 2, மூன்றாவதற்கு 1. நெகட்டிவ் என்றால் சுழி. கூட்டி வருவதுதான் நோயாளியின் எண். முதலும் மூன்றும் பாசிட்டிவ் என்றால் 4 + 1, ஐந்தாம் ஆள். மூன்றும் நெகட்டிவ் என்றால் எல்லாரும் வீட்டுக்குப் போகலாம்.

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. 4, 2, 1 கிலோ எடைக்கற்கள் மூன்று இருந்தால் 1 கிலோ முதல் 7 கிலோ வரை எதையும் நிறுத்துவிடலாம் என்பது எந்த மளிகைக் கடைக்காரருக்கும் தெரியும். ஒவ்வொரு எடைக்கும் ஒரே ஒரு சேர்க்கைதான் பொருந்தும். 5-க்கு 4-ம் 1-ம். 6-க்கு 4-ம் 2-ம். அதே கணக்கில்தான் ஐந்தாம் ஆள் முதல் கலவையிலும் மூன்றாவதிலும் இருக்கிறார், இரண்டாவதில் இல்லை.

இந்த மூன்று கலவைகளை முதலில் போட்டவர் மருத்துவர் அல்ல. 1940-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வேலை பார்த்த ரிச்சர்ட் ஹாமிங் என்ற கணித ஆள். அங்கே ரிலே என்ற மின்காந்தச் சுவிட்சுகளால் ஆன ஒரு கணினி இருந்தது. வார இறுதியில் ஆள் இல்லாமல் ஓடும். கணக்கில் பிழை விழுந்தால் அதற்குத் தெரிந்துவிடும். ஆனால் திருத்தத் தெரியாது. அந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். அடுத்தடுத்து இரண்டு வாரம் தன் வேலை பாதியில் கிடந்ததைத் திங்கட்கிழமை வந்து பார்த்த ஹாமிங்குக்கு எரிச்சல். பிழை இருக்கிறது என்று கண்டுபிடிக்கத் தெரிந்த எந்திரத்துக்கு அது எந்த இடத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஏன் தெரியக்கூடாது? அந்த எரிச்சலின் விடை 1950-ல் கட்டுரையாக வந்தது. பிழைதிருத்தும் குறியீடுகள் என்ற துறையே அதற்குப் பிறகுதான் வளர்ந்தது.

அவர் செய்தது இதுதான். நான்கு பிட் (பிட் என்பது 0 அல்லது 1 என்ற ஒரு இலக்கம்) செய்தியோடு மூன்று காவல் பிட்டுகளைச் சேர்த்து ஏழாக்கினார். மேலே சொன்ன அதே மூன்று கூட்டங்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் உள்ள 1-களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக வரும்படி காவல் பிட்டுகளை வைத்தார். வழியில் ஒரு பிட் புரண்டுவிட்டால் அது இருக்கும் கூட்டங்களில் மட்டும் எண்ணிக்கை ஒற்றைப்படை ஆகிவிடும். அந்தக் கூட்டங்களின் 4, 2, 1 மதிப்பைக் கூட்டினால் புரண்ட பிட்டின் எண்.

பெறும் பக்கம் கிடைக்கும் இந்த மூன்று விடைகளின் தொகுப்புக்குக் குறியீட்டுக் கணிதத்தில் 'சிண்ட்ரோம்' என்று பெயர். டவுன் சிண்ட்ரோம் என்கிறோமே, அதே சொல். உள்ளே என்ன கெட்டிருக்கிறது என்று நேரடியாகப் பார்க்க முடியாதபோது வெளியே தெரியும் அறிகுறிகளின் கூட்டு. பொறியாளர்கள் மருத்துவர்களிடம் இருந்து சொல்லைக் கடன் வாங்கினார்கள். 2020-ல் கொரோனா வந்தபோது வட்டியோடு திருப்பிக் கொடுத்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். அங்கே போவதற்கு முன்னால் ஒரு ஓட்டையைப் பார்த்துவிடலாம்.

ஏழு பேரில் ஒருவருக்குத்தான் தொற்று என்றோம். இரண்டு பேருக்கு இருந்தால்? 1-ம் 4-ம் நோயாளிகள் என்று வையுங்கள். முதல் கலவை பாசிட்டிவ், மூன்றாவது பாசிட்டிவ். கூட்டினால் 5. நோயாளிகள் இருவரும் தப்பிவிட, ஒரு பாவமும் அறியாத ஐந்தாம் ஆளைத் தனிமைப்படுத்தி வைப்போம். ஹாமிங் குறியீடும் இதே போலத்தான் சறுக்கும். இரண்டு பிட் புரண்டால் நல்லபடியாக இருக்கும் மூன்றாவது பிட்டைத் 'திருத்தி' இரண்டு பிழையை மூன்றாக்கிவிடும்.

எவ்வளவு அடிக்கடி இது நடக்கும்? ஊரில் நூற்றுக்கு ஒருவருக்குத் தொற்று என்றால், ஏழு பேரில் இரண்டோ அதற்கு மேலோ சிக்க வாய்ப்பு சுமார் 500-ல் 1. நூற்றுக்குப் பத்து பேருக்கு என்றால் அது 7-ல் 1-க்குப் பக்கமாக வந்துவிடும். குழலும் கலவையும் சோதனையும் அதேதான். ஊர் நிலவரம் மட்டும் மாறியதில் நம்பக்கூடிய முறை சூதாட்டமாகிவிட்டது. அதனால் குறியீட்டைத் தேர்ந்தெடுக்கும் முன் ஊரில் எத்தனை பேருக்கு நோய் என்று தெரிந்தாக வேண்டும். அதைச் சொல்வது வேறொரு கணிதம். பொதுவாகப் பல்கலைக்கழகங்களில் இந்த இரண்டையும் வேறு வேறு ஆட்கள், வேறு வேறு மாடிகளில் உட்கார்ந்து படிக்கிறார்கள்.

மாதிரிகளைக் கலந்து சோதிக்கும் யோசனை ஹாமிங்குக்கு முன்பே வந்துவிட்டது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படைக்கு ஆள் எடுக்கையில் ஒவ்வொருவர் ரத்தத்தையும் சிபிலிஸ் நோய்க்காகச் சோதித்தார்கள். பெரும்பாலானோருக்கு நோய் இல்லை. 1943-ல் ராபர்ட் டார்ஃப்மன் என்ற பொருளியல்காரர் ஒரு சிறு கட்டுரை எழுதினார். பத்து பேர் ரத்தத்தைக் கலந்து ஒரே சோதனை செய். நெகட்டிவ் என்றால் பத்து பேரும் தப்பித்தார்கள். பாசிட்டிவ் என்றால் மட்டும் பத்து பேரையும் தனித்தனியாகச் சோதி. அவ்வளவுதான் யோசனை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1000 பேர், நூற்றுக்கு ஒருவருக்கு நோய். பத்துப் பத்தாகப் பிரித்தால் 100 கலவைச் சோதனை. அவற்றில் சராசரியாகப் பத்துக்குச் சற்றுக் குறைவானவை பாசிட்டிவ் ஆகும். அவற்றுக்கு இன்னொரு 96 சோதனை. மொத்தம் 196. ஆயிரம் செய்ய வேண்டிய இடத்தில் 196! படையில் இது நடைமுறைக்கு வராமலே போனாலும், பிற்காலத்தில் பல நாடுகளின் ரத்த வங்கிகள் எச்.ஐ.வி. போன்ற கிருமிகளைத் தேட இந்த வழியைத்தான் எடுத்துக்கொண்டன.

எத்தனை பேரைக் கலப்பது என்பதற்கு ஒரு கைவிதி உண்டு. நோய் விகிதத்தின் வர்க்கமூலத்தைத் தலைகீழாக்கினால் போதும், ஏறக்குறைய சரியாக வரும். விகிதம் நூற்றில் 1 என்றால் பத்து பேர். ஆயிரத்தில் 1 என்றால் 32 பேர். நூற்றில் 4 என்றால் ஐந்து பேர். நூற்றில் 31-ஐ நெருங்கிவிட்டால் கலக்கவே கூடாது, தனித்தனியாகச் சோதிப்பதே மலிவு. ஆக, இங்கேயும் அதே கேள்விதான் வந்து நிற்கிறது. விகிதம் எவ்வளவு?

அதற்குப் பதில் தேட பம்பாய்க்குப் போக வேண்டும்.

1896-ல் பம்பாயில் பிளேக் புகுந்தது. பிறகு ஆண்டுதோறும் குளிர்காலத்தில் தலைதூக்கி, கோடையில் உச்சம் தொட்டு, மழைக்காலத்தில் அடங்கும். இறந்தவர்களை வாரவாரியாக எண்ணி எழுதி வைத்தார்கள். அந்த அட்டவணைகளில் ஒன்று, 1905 டிசம்பர் 17 முதல் 1906 ஜூலை 21 வரையிலானது, இருபது ஆண்டு கழித்து எடின்பரோவில் இரண்டு பேர் கையில் கிடைத்தது. ஒருவர் ஆண்டர்சன் மெக்கெண்ட்ரிக். இந்திய மருத்துவப் பணியில் இருந்த ராணுவ மருத்துவர். மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்று காட்டிய ரொனால்டு ராஸோடு 1901-ல் சியரா லியோனுக்குப் போனவர், கணிதத்தின் மேல் பித்து அங்கே இருந்துதான் தொற்றியிருக்க வேண்டும். பின்னர் கசௌலி பாஸ்டர் நிறுவனத்தில் இருந்தார். உடல்நலம் கெட்டு ஊர் திரும்பி எடின்பரோவின் மருத்துவர் சங்கமான ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் நடத்திய ஆய்வகத்தின் பொறுப்பை ஏற்றார். மற்றவர் அதே ஆய்வகத்தின் இளம் வேதியியலாளர் வில்லியம் கெர்மாக். 1924-ல், 26 வயதில், ஆய்வகத்தில் காரம் வெடித்துச் சிதறியதில் இரு கண்களும் போயின. அதன் பிறகு அவர் செய்த கணிதம் முழுவதும் மனதிலேயே.

1927-ல் இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரைதான் இன்றைய கொள்ளைநோய்க் கணிதத்தின் மூலம். மக்களை மூன்று பெட்டியாகப் பிரி: இன்னும் நோய் வராதவர்கள், இப்போது நோய் பரப்புபவர்கள், குணமாகியோ இறந்தோ ஆட்டத்தில் இருந்து விலகியவர்கள். புதிதாக நோய் வருவது முதல் இரண்டு பெட்டிகளின் எண்ணிக்கையைப் பெருக்கி வருவதற்கு ஏற்ப இருக்கும், ஏனென்றால் இவர் அவரைச் சந்தித்தால்தான் தொற்று. இந்த எளிய பெருக்கலில் இருந்து எதிர்பாராத ஒரு விடை கிடைத்தது. நோய் அடங்குவதற்கு எல்லாருக்கும் வந்து தீர வேண்டியதில்லை, கிருமி வலு இழக்க வேண்டியதும் இல்லை. வராதவர்களின் எண்ணிக்கை ஒரு எல்லைக்குக் கீழே இறங்கினால் போதும், ஒரு நோயாளி சராசரியாக ஒருவருக்குக் கூடக் கொடுக்க முடியாமல் அலை சரியத் தொடங்கும். ஒருவர் இரண்டு பேருக்குப் பரப்பும் நோய் என்றால், பாதிப் பேருக்கு வந்ததும் உச்சம். சரிந்து முடியும்போது நூற்றுக்கு 80 பேரைத் தொட்டிருக்கும், 20 பேர் தப்பியிருப்பார்கள்.

பம்பாய் அட்டவணைக்கு அவர்கள் பொருத்திய வளைவின் எண்களைப் பாருங்கள். உச்ச வாரத்தில் 890 மரணம். உச்சம் வருவது 17-வது வாரத்தில், அதாவது ஏப்ரல் நடுவில். இரண்டு பக்கமும் மணி போல ஒரே சீராகச் சரியும் வளைவு. படத்தில் புள்ளிகள் வளைவை ஒட்டியே உட்கார்ந்திருக்கும். பாடப்புத்தகங்கள் அந்தப் படத்தைத் திரும்பத் திரும்ப அச்சிட்டு மகிழ்கின்றன.

எனக்கு அந்தப் படத்தின் மேல் சந்தேகம் அதிகம். பிளேக் எலியிடம் இருந்து தெள்ளுப்பூச்சி வழியாக மனிதனுக்கு வருவது. மூன்று பெட்டிகளில் எலியும் இல்லை, தெள்ளுப்பூச்சியும் இல்லை, பருவமும் இல்லை. மனிதர்களிடம் தெரியும் பிளேக், எலிகளிடம் நடப்பதன் நிழல் என்று எடுத்துக்கொள்கிறோம் என்று ஆசிரியர்களே கட்டுரையில் ஒத்துக்கொண்டார்கள். ஆண்டுதோறும் அதே மாதங்களில் ஏறி இறங்கிய நோய் அது. இறங்கியதற்குக் காரணம் ஆள் தீர்ந்ததா, வெயில் ஏறியதா என்று அந்த ஒரே வளைவால் சொல்ல முடியாது. வளைவு பொருந்துவது ஒன்று, காரணம் சரியாக இருப்பது வேறொன்று. 2020-ல் வாரம் ஒரு வளைவைத் தொலைக்காட்சியில் காட்டி உச்சத்துக்குத் தேதி குறித்தவர்கள் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுந்தார்கள்.

ஆனால் நமக்கு இங்கே உச்சத்தின் தேதி தேவையில்லை. கலவையில் எத்தனை பேர் என்று முடிவு செய்ய, அடுத்த ஒன்றிரண்டு வாரத்தில் விகிதம் எந்தத் திசையில், எவ்வளவு வேகமாகப் போகிறது என்று தெரிந்தால் போதும். அந்த அளவுக்கு இந்தப் பெட்டிக் கணக்குகளை நம்பலாம்.

நோய் நான்கு நாளுக்கு ஒருமுறை இரட்டிக்கிறது என்று வையுங்கள். இன்று ஆயிரத்தில் ஒருவர். 32 பேரைக் கலக்கலாம், நூறு பேருக்கு ஆறேழு சோதனை போதும். பதினாறு நாளில் விகிதம் நூற்றில் 1.6. இப்போது எட்டு பேருக்கு மேல் கலப்பது வீண், நூறு பேருக்கு 25 சோதனை ஆகும். இன்னும் எட்டு நாள் போனால் விகிதம் 6.4. நான்கைந்து பேர்தான் தாங்கும், நூறு பேருக்கு 48 சோதனை. சோதனை மருந்துக்குத் தட்டுப்பாடு மிக அதிகமாக இருக்கும் உச்சத்தில் இந்த முறை கையை விரித்துவிடுகிறது. அலை எழும் முன்பும் அடங்கிய பின்பும்தான் அதற்கு மரியாதை. 2020 ஏப்ரலில் ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) வெளியிட்ட வழிகாட்டுதலும் இந்த ஓட்டத்தைத்தான் பின்பற்றியது. பாசிட்டிவ் விகிதம் நூற்றில் 2-க்குக் கீழ் உள்ள பகுதிகளில் கலக்கலாம். 2 முதல் 5 வரை என்றால் அறிகுறி இல்லாதவர்களிடம் நடத்தும் கணக்கெடுப்புகளில் மட்டும். 5-க்கு மேல் வேண்டாம். ஒரு கலவையில் ஐந்து பேருக்கு மேல் கூடாது.

ஐந்து என்ற உச்சவரம்பு மேலே பார்த்த கணக்கில் இருந்து வரவில்லை. அது நீர்த்துப்போவதால் வந்தது. பி.சி.ஆர். எந்திரம் ஒவ்வொரு சுற்றிலும் வைரஸின் மரபுத் துணுக்கை இரட்டிக்கிறது. எட்டு பேர் மாதிரியைக் கலந்தால் ஒருவருடைய வைரஸ் எட்டில் ஒரு பங்காகிவிடும், அதை ஈடுகட்ட எந்திரம் மூன்று சுற்று கூடுதலாக ஓட வேண்டும். 32 பேர் என்றால் ஐந்து சுற்று. வைரஸ் நிறைய உள்ளவருக்கு இது பொருட்டே இல்லை. தொற்றின் முதல் நாளிலோ கடைசியிலோ இருக்கும் ஆள் மட்டும் சந்தில் நழுவிவிடுவார்.

இன்னொரு நடைமுறைத் தகவலையும் சொல்லிவிடுகிறேன். ஒரே வீட்டு ஆட்களின் மாதிரிகளை ஒரே கலவையில் போடுவது டார்ஃப்மன் முறைக்கு நல்லது. நோய் வந்தால் வீட்டோடு வரும். பாசிட்டிவ்கள் ஒரே இடத்தில் குவிந்துவிட்டால் மற்ற கலவைகள் சுத்தமாக இருக்கும், மறுசோதனை குறையும்.

சரி, டார்ஃப்மனின் உண்மையான பலவீனம் சோதனைகளின் எண்ணிக்கை இல்லை. காத்திருப்பு. கலவை பாசிட்டிவ் என்று வந்த பிறகுதான் இரண்டாவது சுற்று தொடங்கும். பத்து பேரின் பழைய மாதிரிகளை ஃப்ரீசரில் தேடி எடுத்து மறுபடி ஓட்டுவதற்குள் ஒரு நாள் போய்விடும், அந்த ஒரு நாளில் நோயாளி சந்தைக்குப் போய் வந்துவிடுவார். எல்லாக் கலவைகளையும் முதலிலேயே போட்டு, ஒரே சுற்றில் ஆளைக் கண்டுபிடிக்கும் வழிதான் வேண்டும். ஹாமிங்கின் ஏழு குழல் அப்படிப்பட்டதுதான், ஆனால் ஒரு நோயாளிக்கு மேல் தாங்காது.

இங்கே ஒரு பழைய விளையாட்டுப் புதிர் கைகொடுத்தது. 1850-ல் தாமஸ் கிர்க்மன் என்ற இங்கிலாந்துப் பாதிரியார் கேட்டது. ஒரு பள்ளியில் 15 மாணவிகள். தினமும் மூவர் மூவராக வரிசையில் நடக்கிறார்கள். எந்த இருவரும் ஒரே மூவரணியில் இரண்டாம் முறை சேராதபடி ஏழு நாளுக்கு அணி பிரிக்க முடியுமா? முடியும். நாளுக்கு ஐந்து அணி, ஏழு நாளில் 35 அணி.

இப்போது மாணவிகளைக் கலவைக் குழல்களாகவும், மூவரணிகளைச் சோதனைக்கு வந்த ஆட்களாகவும் மாற்றிப் படியுங்கள். 35 பேர், 15 குழல். ஒவ்வொருவரின் மாதிரியும் தன் அணிக்கு உரிய மூன்று குழல்களில் போகிறது. ஒரு குழலில் ஏழு பேர். எந்த இரண்டு பேருக்கும் பொதுவான குழல் அதிகம் போனால் ஒன்றுதான். அதனால் என்ன பயன் என்றால், நோயில்லாத ஒருவருடைய மூன்று குழல்களையும் பாசிட்டிவ் ஆக்க மூன்று தனித்தனி நோயாளிகள் சேர்ந்தால்தான் முடியும். 35 பேரில் இரண்டு பேர் வரை நோயாளி என்றால், மூன்று குழலும் பாசிட்டிவ் ஆனவர்தான் நோயாளி. ஐயத்துக்கே இடமில்லை. விகிதம் நூற்றில் 2 ஆக இருக்கும்போது இந்த எல்லையைத் தாண்டும் வாய்ப்பு நூற்றில் மூன்றுக்குச் சற்று மேல்.

மும்பை ஐ.ஐ.டி. குழு ஒன்று 2020-ல் உருவாக்கிய 'டேபஸ்ட்ரி' முறை இந்தக் கிர்க்மன் அணிகளைத்தான் பயன்படுத்தியது, ஆளுக்கு மூன்று குழல். பாசிட்டிவா இல்லையா என்பதோடு நிற்காமல், எந்தச் சுற்றில் பாசிட்டிவ் ஆனது என்ற அளவையும் கணக்கில் சேர்த்துக்கொண்டதால் இன்னும் கூடுதலாகத் துப்பறிய முடிந்தது. இஸ்ரேலில் வேறொரு குழு ரீட்-சாலமன் குறியீட்டை எடுத்தது. க்யூஆர் கோடில் கறை பட்டாலும் போன் படித்துவிடுகிறதே, அதற்குப் பின்னால் இருக்கும் 1960-ம் ஆண்டுக் குறியீடு. 384 பேர், 48 குழல், ஆளுக்கு ஆறு குழல், ஐந்து நோயாளிகள் வரை ஒரே சுற்றில். எந்த இரண்டு ஆட்களும் மிகச் சில குழல்களில் மட்டுமே சந்திப்பார்கள் என்பதற்கு அங்கே உத்தரவாதம் தருவது பள்ளிக்கூட இயற்கணிதம்: இரண்டு நேர்கோடுகள் ஒரு புள்ளிக்கு மேல் வெட்டாது, y = ax² + bx + c வடிவில் உள்ள இரண்டு பரவளையங்கள் இரண்டு புள்ளிக்கு மேல் வெட்டாது என்ற வகைச் செய்தி.

நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். கிர்க்மனின் 35 பேருக்கு 15 சோதனை. அதே 35 பேரை நூற்றில் 2 என்ற விகிதத்தில் டார்ஃப்மன் வழியில் ஐந்தைந்தாகச் சோதித்தால் சராசரியாகப் பத்துப் பத்தரைதான் ஆகும். சிறிய அளவில் பாதிரியாரின் முறை செலவு கூடியது. அந்தக் கூடுதல் குழல்கள் வாங்கித் தருவது ஒன்று நேரம். இன்னொன்றை லேப் மேசையில் நின்று பார்த்தால்தான் புரியும்.

35 பேர், ஆளுக்கு மூன்று குழல் என்றால் 105 முறை பிப்பெட்டால் எடுத்து விட வேண்டும். பாதுகாப்பு உடைக்குள் வியர்த்து, முகக்கவசத்தில் ஆவி படிந்து நிற்கும் டெக்னீஷியனின் கை அறுபதாவது துளியில் ஒரு குழலைத் தாண்டிப் போய்விடும். இஸ்ரேல் குழு ரோபோவை வைத்துக்கொண்டது. சோதனை மருந்தோ, மாதிரியோ, எந்திரமோ கூட ஒரு குழலில் சொதப்பலாம். தனித்தனிச் சோதனையில் இப்படி நடந்தால் அறிக்கையில் நெகட்டிவ் என்று அச்சாகும், அது தப்பு என்று யாருக்கும் தெரியவே தெரியாது.

கிர்க்மன் தாளில் என்ன ஆகும்? ஒரே நோயாளி, அவருடைய மூன்று குழல்களில் ஒன்று தவறிவிட்டது. தாளில் இரண்டு குழல்கள் மட்டும் பாசிட்டிவ். ஒவ்வொருவரும் மூன்று குழலில் இருப்பதால், இரண்டு என்ற விடை எந்த நோயாளிக்கும் பொருந்தாது. அப்படியானால் எங்கோ கை தவறியிருக்கிறது என்பது அப்போதே தெரிந்துவிடுகிறது. அதோடு, 15 மாணவிகளில் எந்த இருவரை எடுத்தாலும் அவர்கள் சேர்ந்து நடந்த நாள் ஒன்றே ஒன்றுதான், அன்று அவர்களோடு நடந்த மூன்றாமவளும் ஒருத்திதான். பாசிட்டிவ் ஆன இரண்டு குழல்களின் எண்ணை அட்டவணையில் தேடினால் நோயாளியின் பெயர் கிடைக்கும், தவறிய குழலின் எண்ணும் அதே வரியில் இருக்கும். மறுபடி ஓட்ட வேண்டியது அந்த ஒரு குழலை மட்டும்தான்.